அவ பேசுன பாதி

ஹலோ… கேக்குதுங்களா மேடம்? எனக்கு நல்லாக் கேக்குதுங்க. வீடியோவெல்லாம் வேண்டாமுங்க, பேச்சு மட்டும் போதும். நான் காருக்குள்ள உக்காந்துட்டுப் பேசறேன். வண்டி ஓடலீங்க, நின்னுட்டிருக்குது. இருபத்தாறு வருசமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறவன், ஓட்டிக்கிட்டே போன் பேசுவனுங்களா? கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுட்டு எங்கூட்டு வாசல்லயே உக்காந்திருக்கறேன்.

பேரு குழந்தைவேலுங்க. வயசு அம்பத்தி நாலு. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துல. நாலாயிரம் பேருக்கு மேல வண்டி ஓட்டப் பழக்கியிருக்கறேன். இந்தப் பக்கம் எதுக்கால வர்ற காருல பாதிக் காரு என்கிட்டப் பழகுனதுதான், ஆரன் அடிச்சுக் கும்புட்டுட்டுத்தான் போவாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. ஆளு ஆருன்னு உங்களுக்குத் தெரியோணுமில்ல, அதுக்காகச் சொல்றேன்.

என்ன பிரச்சினைங்கறீங்களா? பயமுங்க. வேறென்ன சொல்றது. ஒரு மாசமா நெஞ்சுக்குள்ள திக்கு திக்குனு இருக்குது. சோறு எறங்க மாட்டீங்குது. போன் அடிச்சா எடுக்கப் பயம், வாசல்ல ஆராவது வந்து நின்னா போலீசோ வக்கீலோன்னு பயம். நான் ஆருக்கும் எந்தக் கெடுதலும் பண்ணாதவனுங்க.

சரி, சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. நேராவே சொல்லீர்றேன். வெசாலக்கெழமை நாலு மணிக்கு உங்ககிட்டச் சாந்தாமணின்னு ஒருத்தி பேசறாளுங்களே, அவ என்ற சம்சாரம்.

லைன்ல இருக்கீங்களா மேடம்?

ஓ. அப்படியுங்களா. அப்படி ஒருத்தி உங்ககிட்ட வர்றாளா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டீங்களா? கட்டுன புருசன் கேட்டாலுமா? சரிங்க, உங்க தொழில் அது. நான் தப்புச் சொல்லல. நாங்களும் ஒருத்தர் பழகறதைப் பத்தி இன்னொருத்தர்கிட்டச் சொல்ல மாட்டோம். சொல்லுவோம், சிரிக்கறதுக்குச் சொல்லுவோம், ஆனா பேரு சொல்ல மாட்டோம்.

ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. அவ என்ன பேசுனான்னு நான் உங்ககிட்டக் கேக்க வரலீங்க. அது எனக்குத் தெரியும். நீங்க என்ன சொன்னீங்கன்னுதான் எனக்குத் தெரியோணும். அவ பேசுன பாதி என்கிட்ட இருக்குது. உங்க பாதிதான் இல்ல.

எப்படின்னு கேக்கறீங்க. சொல்றேன். இந்த வண்டிக்குள்ள ஒரு கேமரா மாட்டியிருக்கறேனுங்க. பழகறவங்க என்ன தப்புப் பண்றாங்கன்னு பொழுது சாஞ்சதும் ஆபீசுல உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுவேன். இங்க பாருங்கம்மா, கியரு மாத்தறப்ப நீங்க ரோட்டைப் பாக்கல, கையைப் பாக்கறீங்க அப்படின்னு. படமும் வரும், பேச்சும் வரும். சாவியைத் திருப்புனாத் தானாப் புடிக்க ஆரம்பிச்சுரும். நம்ம சாந்தாமணிக்கு அது தெரியாது. வண்டியைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஏசி போடறதுக்குச் சாவியை எப்படித் திருப்பறதுன்னு மட்டும் எங்கயோ பாத்து வெச்சிருக்கறா.

எங்கூட்டுல முன் ரூம்புதானுங்க ஆபீசு. எல்.எல்.ஆர். போடறவன், விண்ணப்பப் பாரம் எழுதறவன், சும்மா டீ குடிக்க வர்றவன்னு எந்நேரமும் ஆளு. உள்ரூம்புக் கதவைப் பட்டப்பகல்ல சாத்த முடியுமுங்களா? எங்க பக்கம் பகல்ல கதவு சாத்துனா ஊட்டுல ஆருக்கு என்னாச்சுன்னு நாலு பேரு வந்து தட்டிருவாங்க. அதனால வெசாலக்கெழமை நான் ஆர்.டி.ஓ. கிரவுண்டுக்குப் பெரிய வண்டியை எடுத்துட்டுப் போனதும், இவ இந்தச் சின்ன வண்டிக்குள்ள வந்து உக்காந்துக்கறா. காதுல ஒயரை மாட்டிக்கறா. கேமராவுல அவ பேச்சு மட்டும் விழுகுது. உங்க பேச்சு அவ காதுக்குள்ளயே போயிருது.

எனக்குத் தெரியாமப் போச்சே இத்தனை நாளு! பெட்ரோல் முள்ளு கீழ எறங்கியிருக்குது, வண்டி ஓடலீங்க. என்னடா இதுன்னு கேமராக் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டேன். நாலு வெசாலக்கெழமையும் வரிசையா இருந்துச்சு.

கேட்டது தப்புத்தானுங்க. தெரியும். ஆனா நீங்களே சொல்லுங்க, உங்க பேரு ஒருத்தரு வாயில வந்தா நீங்க காதைப் பொத்திக்குவீங்களா?

இந்தப் பேசற வைத்தியம் ஆரம்பிச்சு விட்டது எங்க மக தாரணி. ஓசூர்ல இருக்கறா, கட்டிக் குடுத்துட்டோம். அம்மாளுக்கு அடிக்கடி நெஞ்சு படபடங்குது, கையெல்லாம் வேர்த்து ஊத்துது. ஈசிஜி எடுத்தா ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அப்புறம் மக போன்ல எதையோ ஏத்திக் குடுத்து, இதுல ஒரு மேடம் பேசுவாங்கம்மா, மனசுல இருக்கறதையெல்லாம் சொல்லுன்னு சொல்லியிருக்கறா. இப்ப நானே அதை ஏத்தி உங்களைப் புடிச்சிருக்கறேன், ஆனா அப்பச் சிரிச்சேனுங்க. பேசறதுக்கு ஒரு டாக்டரா? ஊட்டுல நான் ஒருத்தன் இல்லையா, என்கிட்டப் பேச வேண்டியதுதானே? இருபத்தெட்டு வருசமா ஒரே ஊட்டுல இருக்கறோம். நான் எந்நேரமும் பேசிட்டேதான் இருக்கறேன். அவதான் கம்முனு இருப்பா.

கேமராவுல பாத்தா, அந்தக் கம்முனு இருக்கறவ என்னமாப் பேசறாங்கறீங்க! அந்தக் கொரலையே நான் கேட்டதில்ல. மொதல் வாரம் முக்காவாசி ஏசி சத்தந்தான், மூக்கை உறிஞ்சற சத்தந்தான். ரெண்டாம் வாரத்துல இருந்து பேசறா. பேசுவா, நிறுத்துவா, தலையை ஆட்டுவா. அந்த நிறுத்தறப்பல்லாம் நீங்க பேசறீங்க. ஒரு எடத்துல ஒம்பது நிமிசம் நீங்களே பேசியிருக்கறீங்க. வாட்ச்சை வெச்சுப் பாத்தேன். அந்த ஒம்பது நிமிசமும் இவ கண்ணைத் தொடச்சுட்டே தலையாட்டிட்டு இருக்கறா. என்னத்தைச் சொன்னீங்க மேடம்? ஆமா ஆமான்னு தலையாட்டற மாதிரி என்ன சொன்னீங்க?

நான் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கறேனுங்க. மூணு வார்த்தை. அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுருச்சு. படிக்கறேன் கேளுங்க.

ஒண்ணு. "எந்நேரமும் அவரு காலையேதான் பாத்துட்டிருக்கறேனுங்க." இது ரெண்டாம் வாரம். என்ற காலைப் பாத்து இவளுக்கு என்ன ஆகோணும்? ஆளு எங்க போறான், எங்க வர்றான்னு வேவு பாக்கறாளா? அந்த மாதிரி ஆளு நான் கெடையாதுங்க. வேலை விட்டா ஊடு.

ரெண்டு. இது மூணாம் வாரம். "இந்த மனுசன் ஒரு நாளைக்கு ஆரையாவது கொன்னுருவாருங்க." இதை அவ சொன்னா மேடம். என்ற சாந்தாமணி சொன்னா. நான் அவ மேல கை ஓங்குனதே இல்லீங்க. கத்துவேன், அது வேற. இந்தத் தொழில்ல கத்தாம இருக்க முடியாது, லாரி எதுக்கால வர்றப்ப மெதுவாவா சொல்ல முடியும்? ஆனா கொலைகாரன்னு ஒரு வார்த்தை!

மூணு. இது போன வாரம். "அவருக்குத் தெரியாம எழுதிக் குடுத்துறட்டுமாங்க?" அப்படிங்கறா. அதுக்கப்புறந்தான் அந்த ஒம்பது நிமிசம். அப்புறம் இவ, "பயமா இருக்குதுங்க, இருந்தாலும் பண்ணித்தான் ஆகோணும்"ங்கறா.

எங்க எழுதிக் குடுக்கறா? ஸ்டேசன்லயா, கோர்ட்டுலயா? அம்பது வயசுக்கு மேல என்னை விட்டுட்டுப் போகப் போறாளா? நீங்க சரின்னு சொன்னீங்களா, வேண்டாம்னு சொன்னீங்களா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம், நான் போனை வெச்சர்றேன். ஒரே வார்த்தை. ஆமாவா, இல்லையா?

…அதுவும் முடியாதா.

அட கெரகமே. உங்ககிட்டப் பேசறதும் செவுத்துக்கிட்டப் பேசறதும் ஒண்ணுதான் போல. இல்லீங்க, கோவத்துல வந்துருச்சு, மனசுல வெச்சுக்காதீங்க. நான் பயந்துட்டேன்னாக் கத்தீருவேன். எங்கூட்டுல அல்லாருக்கும் தெரியும்.

நான் என்ன பண்ணுனேன்னா கேக்கறீங்க? சொல்றதுக்கே வெக்கமா இருக்குதுங்க. அவளோட ஆதார் கார்டை எடுத்து ஒளிச்சு வெச்சேன். எழுதிக் குடுக்கறதா இருந்தா அது வேணுமில்ல? இதோ, இந்த வண்டி டேஷ்போர்டுக்குள்ளயேதான் கெடக்குது. ஒரு நாள் பூரா தேடுனா. பீரோவைக் கவுத்துப் பாத்தா, அரிசி டப்பாவுக்குள்ளகூடக் கையை விட்டுப் பாத்தா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் பேப்பரை விரிச்சு வெச்சுட்டு, அவ தேடறதைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். பாவமாத்தான் இருந்துச்சு. எடுத்துக் குடுத்தர்லாம்னு எந்திரிக்கறேன், அந்தக் கொன்னுருவாருங்கற வார்த்தை ஞாபகத்துக்கு வருது, மறுபடியும் உக்காந்துக்கறேன்.

அவகிட்டயே கேட்டனான்னா? கேட்டேனுங்க, கேக்காம இருப்பனா? போன ஞாயித்துக்கெழமை சோறு போடறப்ப கேட்டேன். ஏம்மிணி, உனக்கு இந்த ஊட்டுல என்ன கொறைன்னேன். ஒரு கொறையும் இல்ல, உனக்கு நான் என்ன கொறை வெச்சேன், வேணுங்கறது அத்தனையும் இருக்குதில்லன்னேன். அவ கரண்டியைக் கையில வெச்சுட்டு என்ற மொகத்தையே பாத்துட்டு நின்னா. சரி, ஒண்ணுமில்லைங்கறா போலன்னு நானும் சாப்புட்டு எந்திரிச்சுட்டேன்.

அவ பதில் சொன்னாளான்னா… அதான் சொல்றனே, ஒண்ணும் சொல்லலீங்க.

காலா? எந்தக் காலு? ஓ, அவ பாக்கறேன்னு சொன்னாளே அதுங்களா. கால்ல ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்குது. இந்தத் தொழில்ல காலுதானுங்க மொதலு. பழகறவங்க ஸ்டீரிங்கு புடிச்சுட்டிருப்பாங்க, நம்மளுது பக்கத்து சீட்டு. நம்ம காலுக்கடியில ஒரு பிரேக்கு தனியா வெச்சிருக்கும். அவங்க கண்டபடி போனா நாம அமுக்கிருவோம். இருபத்தாறு வருசமா என்ற காலு அந்தப் பிரேக்கு மேலயேதான் இருக்குது. ஊட்டுல சேருல உக்காந்தாக்கூட இந்தக் காலு தரையை அமுக்கும், சாந்தாமணி சிரிப்பா.

சக்கரை இருக்குதுங்க, ஆமா. ஒம்பது வருசமா. மாத்திரை போட்டுக்கறேன். ஞாபகம் வந்தாப் போட்டுக்கறேன்.

மரத்துப் போகுதான்னா, ஆருக்குத்தான் மரத்துப் போகல? நாள் பூரா உக்காந்தே இருந்தா ஆருக்கும் அப்படித்தான். சித்திரை நோம்பிக்குக் கோயலுக்குப் போயிட்டு வந்தோம். ஊட்டுக்கு வந்ததும் சாந்தாமணி, எங்கீங்க ஒரு செருப்பைக் காணோங்கறா. பாத்தா ஒத்தைச் செருப்புத்தான் கால்ல இருக்குது. எங்கயோ வழியில கழண்டுருச்சு போல. நான் பேச்சுல இருந்துட்டேன், தெரியல. அதுக்கு அவ ஒரு மாதிரி மூஞ்சியை வெச்சுட்டுப் பாத்தா. செருப்பு என்ன தங்கத்துலயா பண்ணுனது?

அப்புறம் ஒரு நாளு ஊட்டுக்குள்ள தரையெல்லாம் ரத்தம். நான் நடந்த எடமெல்லாம் பொட்டுப் பொட்டா. பாத்தா உள்ளங்கால்ல ஒரு ஆணி. கார்ப்பெட்டுக்கு அடிக்கற சின்ன ஆணி இருக்குதில்லீங்க? அதுதான். காத்தாலயே ஏறியிருக்கோணும், ஷூவுக்குள்ள சாக்சோட போட்டு நாள் பூரா நாலு பேருக்குக் கிளாசு எடுத்திருக்கறேன். சாந்தாமணி கொறட்டுல புடிச்சு இழுத்தா. வலிக்கலயானு கேட்டா. இல்லைன்னேன். வைரம் பாஞ்ச ஒடம்பு அம்மிணின்னேன். அவ ஆணியைக் கையில வெச்சுட்டு அழுகறா. ஆணியை எடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு அழுகோணும்?

என்ன மேடம், டாக்டர்கிட்டக் காட்டுனனான்னா?

டாக்டர்கிட்டக் காட்டலீங்க. காட்டுனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் ஒருத்தன் இப்படித்தான் மொதல்ல பாக்கப் போனான். மருந்து வெச்சுக் கட்டுனாங்க, அப்புறம் ஒரு வெரலுன்னாங்க, அப்புறம் முழங்காலுக்குக் கீழன்னாங்க. போகாம இருந்திருந்தா அவன் பாட்டுக்கு இருந்திருப்பான். அப்படித்தானுங்க நான் நெனச்சுட்டிருக்கறேன்.

அந்த வார்த்தைக்கு முன்னால அவ என்ன சொன்னாளா? எந்த வார்த்தைக்கு? கொன்னுருவாருங்கறதுக்கா? அதை நான் எழுதி வெக்கலீங்க. இருங்க, ரோசனை பண்றேன். ம்… டீச்சரம்மா ஊட்டுக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னா. ஆமாங்க, அப்படித்தான் ஆரம்பிச்சா. எதுக்குப் போனாள்னு எனக்கும் வெளங்கல. அந்த டீச்சரம்மா என்கிட்ட வண்டி பழகிட்டு இருந்தவங்க, பாதியில நின்னுட்டாங்க.

ஏன் நின்னாங்கன்னா… அது ஒரு சின்ன விசயமுங்க.

சொல்லித்தான் ஆகோணுமா?

ஒரு மாசத்துக்கு முந்தி ஒரு சனிக்கெழமை வாய்க்கா மேட்டு ரோட்டுல போயிட்டிருக்கறோம். மோகனப்பிரியான்னு பேரு, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. நல்லாத்தான் ஓட்டிட்டு வந்தாங்க. இந்தப் பக்கம் வாய்க்கா, தண்ணி போயிட்டிருக்குது. அந்தப் பக்கம் வயலு. திடீர்னு வரப்புல இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ள சைக்கிளோட மேட்டுக்கு ஏறுது. எட்டாவது ஒம்பதாவது படிக்கற புள்ள. டீச்சரம்மா பயத்துல கையைக் காலை ஒதறிட்டாங்க, சார் பிரேக் புடிங்க சார், பிரேக் புடிங்க சார்னு கத்தறாங்க. நான் புடிச்சுட்டுத்தான் இருக்கறேன் மேடம். சத்தியமாப் புடிச்சுட்டுத்தான் இருக்கறேன். அமுக்கறேன். வண்டி போயிட்டே இருக்குது. புடிச்சுட்டுத்தான் இருக்கறேன், புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்னு வாயில சொல்லிட்டே இருக்கறேன், வண்டி அது பாட்டுக்குப் போகுது.

புள்ளைக்கு ஒண்ணும் ஆகலீங்க. சைக்கிள் பின்சக்கரத்துல லேசாத் தட்டுச்சு, புள்ள இந்தப் பக்கம் விழுந்துச்சு. முட்டி செராச்சுது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் விழுந்திருந்தா வாய்க்கா. விழுகல. வண்டி ஏத்தத்துல தானாத் திக்கி நின்னுருச்சு.

அப்புறம் கீழ குனிஞ்சு பாத்தேன். என்ற காலு பிரேக்கு மேல இல்லீங்க. பக்கத்துல, கீழ விரிச்சிருக்கற வெறும் ரப்பர் மேட்டு மேல இருந்துச்சு. மேட்டைத்தான் அந்த அமுக்கு அமுக்கியிருக்கறேன்.

இதை நான் ஆருகிட்டயும் சொல்லல. டீச்சரம்மாளைத்தான் திட்டுனேன். ஆக்சிலேட்டரை மிதிச்சது நீங்கதான், உங்களுக்கெல்லாம் எதுக்கு வண்டின்னு, நடு ரோட்டுல நிக்க வெச்சுத் திட்டுனேன். அழுதுட்டே போயிட்டாங்க. ஊட்டுக்கு வந்து சாந்தாமணிகிட்டயும் அப்படியேதான் சொன்னேன். மெக்கானிக்குகிட்ட வண்டியைக் கொண்டு போய் விட்டேன், பிரேக்கு சரியில்ல பாருடான்னு. அவன் ஓட்டிப் பாத்துட்டு, அண்ணா பிரேக்கு ஜம்முனு இருக்குதுங்கறான். நான் வேற மெக்கானிக்குகிட்டக் கொண்டு போனேன். அவனும் அதையேதான் சொல்றான்.

ஷூவுக்கு அடி மொத்தமானதுங்க அன்னைக்கு. அதனாலதான். மழை வேற தூறுச்சு, மேட்டு ஈரம். வழுக்கியிருக்கும்.

இல்லீங்களா?

பேசுங்க மேடம். எதையாவது பேசுங்க.

என்ன பயமுன்னு கேக்கறீங்க. இப்பத்தான் சொன்னனே, அவ என்னை விட்டுட்டுப் போயிருவாளோன்னு… அதுக்குக் கீழயா? அதுக்குக் கீழ என்ன பயம் இருக்குதுன்னு கேக்கறீங்களா?

அந்தப் புள்ளைக்கு ரெட்டைச் சடை மேடம். நீல ரிப்பன். எந்திரிச்சுப் பாவாடையைத் தட்டி விட்டுட்டு, என்னைப் பாத்து, சாரி அங்கிள்னு சொல்லுச்சு. என்கிட்ட. அது என்கிட்டச் சாரி சொல்லுச்சுங்க. அன்னையில இருந்து கிளாசு எடுக்கறப்பல்லாம் குனிஞ்சு குனிஞ்சு காலைப் பாத்துக்கறேன். இருக்குதா, பிரேக்கு மேலதான் இருக்குதான்னு பாத்துக்கறேன். ரோட்டைப் பாக்கறதை விட்டுட்டு இப்ப நான்தான் காலைப் பாக்கறேன். பழகறவங்களுக்கு நான் திட்டற திட்டு அதுதானுங்க.

கால்ல உணர்வு இல்லைன்னு ஒரு டாக்டரு எழுதிட்டா, நான் ஆருங்க? இதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு வண்டியில உக்காரலைன்னா எனக்குக் கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆயிரும். ஊட்டுல உக்காந்துட்டு, மத்தவன் ஓட்டிட்டுப் போறதைப் பாத்துட்டு… அதுக்குப் பேசாம… இல்லீங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். நீங்க பயப்படாதீங்க. வாய்ப்பேச்சு. நெசமாத்தான் சொல்றேன், அந்த எண்ணமெல்லாம் இல்ல.

சித்தெ இருங்க. வாசல் கேட்டுல ஆளு வந்து நிக்கறாங்க. நாலு மணிக் கிளாசு. இன்னைக்குத்தான் மொத நாளு அந்தப் பொண்ணுக்கு. கொரியர் ஆபீசுல வேலை, கல்யாணம் ஆகி மூணு மாசந்தான் ஆகுது. நான் போகோணுமுங்க. போகலைன்னா பேரு கெட்டுரும். ஊருக்கு வெளிய கொஞ்சம் மெதுவாவே…

என்னது இது. சாந்தாமணி கேட்டுக்குப் போறா. அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ சொல்றா. பொண்ணு என்ற வண்டியைத் திரும்பிப் பாக்குது. ஏய்! மேடம், தாட்டி விடறா மேடம்! என்ற கிளாசுக்கு வந்த பொண்ணைத் தாட்டி விடறா! பொண்ணு ஸ்கூட்டியைத் திருப்பிட்டுப் போயிட்டே இருக்குது. கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போடறா. இந்த ஊட்டுல பகல்ல கேட்டைச் சாத்துனதே இல்லீங்க.

இங்கதான் வர்றா. நேரா வண்டிக்குத்தான் வர்றா. மேடம், போனை வெச்சறாதீங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், கத்த மாட்டேன், ஆனா நீங்க வெச்சறாதீங்க.

கதவைத் தொறந்துட்டா.

என்ன அம்மிணி? …ஆருகிட்டயும் இல்ல, சும்மா போன். …சரி, ஆமா, அந்த மேடந்தான். உன்ற மேடந்தான். நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன் போ. நீ பேசுன அத்தனையும் இந்தக் கேமராவுல இருந்துச்சு, கேட்டுட்டேன். உன்ற ஆதார் கார்டு இதா இருக்குது, எடுத்துக்க. எங்க எழுதிக் குடுக்கறயோ குடு.

மேடம், இவ கோவிச்சுக்கலீங்க. அப்படியே நின்னுட்டிருக்கறா. ஆர்.டி.ஓ. ஆபீசுல எழுதிக் குடுக்கத்தான் கேட்டாளாமா. இவரு லைசென்சை நிறுத்தி வையுங்கன்னு. கோர்ட்டும் இல்ல, ஸ்டேசனும் இல்லையாமா. போன சனிக்கெழமையே லெட்டரு எழுதிட்டாளாமா, குடுக்க மனசு வரலையாமா, அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கறாளாமா.

என்ற காலுக்கு ஒண்ணுமில்ல சாந்தாமணி. எத்தனை தடவை சொல்றது? நல்லாத்தான் இருக்குது. ஆயிரம் தடவை கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்.

இவ என்ன சொல்றான்னாக் கேட்டுக்கங்க மேடம். கண்ணை மூடச் சொல்றா. ஷூவைக் கழட்டிட்டு, என்ற கால் வெரலை ஒண்ணொண்ணாத் தொடுவாளாமா. தொடறப்பல்லாம் நான் ம்னு சொல்லோணுமாமா. ஆசுபத்திரி நர்சம்மாகிட்டக் கேட்டுப் பழகிட்டு வந்தாளாமா, இதுக்குன்னே போயிருக்கறா. அத்தனைக்கும் ம் சொல்லிட்டேன்னா லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டு, இனி இதைப் பத்தி வாயே தொறக்க மாட்டாளாமா. நான் பாட்டுக்கு வண்டி எடுக்கலாமாமா.

ஓ, அதுக்கென்ன! கழட்டு. மேடம், நீங்களும் கேட்டுட்டே இருங்க. நீங்கதான் சாட்சி. சொல்லுக்குச் சொல்லு மாறக் கூடாது.

ரெண்டு காலையும் வெளிய நீட்டியிருக்கறேனுங்க. கீழ மண்ணுலயே உக்காந்துட்டா. ஷூவைக் கழட்டறா. சாக்சையும் கழட்டறா. சரி, நான் கண்ணை மூடிட்டேன். ஏமாத்தறதெல்லாம் இல்ல, கெட்டியா மூடிட்டேன்.

ம், ஆரம்பி.

ஆரம்பிங்கறேன் இல்ல.

என்ன ரோசனை பண்ணிட்டிருக்கறே? சட்டுனு தொடு. ஒரு வெரலைத் தொடறதுக்கு இத்தனை நேரமா?

ம்! இப்பத் தொட்டே. பெருவெரலு. …இல்லையா? தொடலையா? சரி, அது வேற என்னமோ. தொடு.

சாந்தாமணி, வெளையாடாதே. மேடம் லைன்ல இருக்கறாங்க. பயமுறுத்திப் பாக்கலாம்னு கம்முனு உக்காந்துட்டு இருக்கறயா? தொடு அம்மிணி. உனக்குப் புண்ணியமாப் போகும், தொடு.

மேடம், இவ இன்னும் தொடவே இல்லீங்க. ஆனா அழுகற மாதிரி இருக்குது. மூக்கை உறிஞ்சறா. எதுக்கு அழுகறே? இன்னும் ஒண்ணுமே பண்ணலையே, அதுக்குள்ள என்னத்துக்கு அழுகறே? நான் கண்ணைத் தொறக்கட்டுமா? சொல்லு, தொறக்கட்டுமா?

முடிஞ்சுதாமாங்க.

ரெண்டு காலும் தொட்டு முடிச்சுட்டாளாமா, மேடம்.